வீட்டில் அப்பாவின் இறுதி நாட்கள்: தகனத்துக்கு என்னென்ன ஏற்பாடு செய்து வைக்க வேண்டும்?

வேளச்சேரி மகள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 83. இதயம் பலவீனமடைந்து, சிறுநீரகமும் ஒத்துழைக்காத நிலையில், இனித் தன்னை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டாம் என்று அவரே தெளிவாகச் சொல்லிவிட்டார். வலி தணிப்புச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் ஒருவர் வாரம் இருமுறை வீட்டுக்கு வந்து பார்க்கிறார். நாட்களைத்தான் எண்ண வேண்டும் என்று போன வாரம் அவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்.

நான் ஒரே பெண், உடன்பிறந்தவர்கள் இல்லை. கணவர் துபாயில் பணிபுரிகிறார். எத்தனையோ துக்க வீடுகளுக்குப் போயிருக்கிறேன் என்றாலும், பந்தலில் நாற்காலியில் அமர்ந்திருந்ததோடு சரி. ஏற்பாடு செய்யும் பக்கம் நின்றதே இல்லை. இறந்த பிறகு முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும், வீட்டில் இறந்தால் சான்று யார் தருவார், மயானத்தில் என்ன காகிதம் கேட்பார்கள் என்பது எதுவும் தெரியவில்லை. அப்பாவுக்கு 2016இல் பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். அதற்கு முன்பே வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையும் நடந்திருக்கிறது. இவற்றால் தகனத்தில் ஏதேனும் சிக்கல் வருமா? எங்கள் வீடு மூன்றாம் தளத்தில் இருக்கிறது, மின்தூக்கி சிறியது. கொள்ளி நானே வைக்க வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம். அதற்கு மயானத்தில் மறுப்புச் சொல்வார்களா?

உயிரோடு இருப்பவரைப் பற்றி இப்படிக் கேட்பதே அபசகுனம் என்று என் சித்தி கோபித்துக்கொண்டார். ஆனால் அந்த நேரத்தில் அம்மாவின் பக்கத்தில் உட்காராமல், கைபேசியில் எண்களைத் தேடிக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை.

நங்கநல்லூர்வாசி

சகோதரிக்கு வணக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் தாயார் வீட்டில் காலமானார். நீங்கள் கேட்டவற்றில் மற்ற எதையும்விட முக்கியமானது மருத்துவரின் சான்று. அதை நாங்கள் தவறவிட்டதால் பட்ட பாட்டை முதலில் சொல்கிறேன்.

அம்மாவுக்கு இரவு இரண்டு மணிக்கு மூச்சு நின்றது. என்ன செய்வதென்று தெரியாமல் ஆம்புலன்ஸை அழைத்து, பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்று அங்கே எழுதிவிட்டார்கள். முன்பின் பார்த்திராத நோயாளியின் இறப்புக்கான காரணத்தைத் தான் எப்படி எழுத முடியும் என்று கேட்ட அந்த இளம் மருத்துவரைக் குறை சொல்லவும் வழியில்லை. அவர்கள் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார்கள். விசாரணை, பிரேதப் பரிசோதனை என்று போய், மறுநாள் மாலைதான் உடல் எங்கள் கைக்கு வந்தது. 79 வயதில், ஆறு மாதம் படுக்கையில் கிடந்த என் தாயின் உடலைக் கூறுபோட விட்டுவிட்டோமே என்ற வேதனை இன்றும் என் அக்காவுக்குத் தீரவில்லை. அந்த ஆறு மாதமும் அம்மாவைப் பார்த்துவந்த குடும்ப மருத்துவரை வீட்டுக்கு வரவழைத்திருந்தால் அவரே நாடி பார்த்து, சான்று எழுதிக் கொடுத்திருப்பார்.

ஆகவே உங்கள் மருத்துவரிடம் இன்றே மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்: நள்ளிரவில் நேர்ந்தால் அவரை அழைக்கலாமா, அவர் ஊரில் இல்லையென்றால் அவருக்குப் பதில் யார் வருவார், அவருடைய பதிவு எண்ணும் முத்திரையும் கொண்ட இறப்புக் காரணச் சான்றைக் கையோடு தருவாரா. பேஸ்மேக்கர் பற்றியும் அவரிடமே சொல்லிவையுங்கள். அதைத் தகனத்துக்கு முன் அகற்றியே ஆக வேண்டும். தோலுக்கு அடியில்தான் இருக்கும் என்பதால் சிறிய கீறலில் எடுத்துவிடலாம் என்றாலும், யார் வந்து எடுப்பார் என்பதை முன்பே பேசி வைக்காவிட்டால் அன்றைக்கு ஆள் கிடைப்பது கடினம்.

உயிர் பிரிந்ததும் அவசரப்பட வேண்டியதில்லை. கண்களை மூடி, ஒரு வெள்ளைத் துணியால் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டி, கைகால்களை நேராக்கி, கால் பெருவிரல்கள் இரண்டையும் இணைத்துக் கட்டிவிடுங்கள். சில மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கிவிடும். அதன் பிறகு இவற்றைச் செய்வது சிரமம். மோதிரம், அரைஞாண் போன்றவை இருந்தால் அப்போதே கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். கண்தானம் செய்யும் எண்ணம் இருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். உடனே கண் வங்கியை அழைத்துவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, மூடிய இமைகளின் மேல் ஈரப் பஞ்சை வைத்து, தலையைத் தலையணையால் சற்று உயர்த்தி வையுங்கள்.

மூன்றாம் தளம் என்கிறீர்கள். ஸ்ட்ரெச்சர் பெரும்பாலும் அந்தச் சிறிய மின்தூக்கிக்குள் நுழையாது. நாங்கள் கனமான ஜமுக்காளத்தில் வைத்து நான்கு பேராகப் படிக்கட்டில் இறக்கினோம். திருப்பங்களில் தலைப்பக்கம் நிற்பவருக்குத்தான் பாரம் முழுவதும் வந்து சேர்கிறது. ஃப்ரீசர் பெட்டியை வீட்டுக்குள் வைக்காமல், குடியிருப்புச் சங்கத்திடம் சொல்லிவிட்டுக் கீழே வாகனம் நிறுத்தும் இடத்தில் வைப்பது எல்லாவிதத்திலும் வசதி. பெட்டிக்கு மின் இணைப்பு எங்கிருந்து எடுப்பது, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் அந்த இணைப்புக்கும் வருமா என்று காவலாளியிடம் கேட்டு வையுங்கள். பெட்டி, ஊர்தி, மாலை, பந்தல், நாற்காலி எல்லாவற்றையும் ஒருவரே ஏற்றுக்கொள்ளும் சேவைகள் சென்னையில் நிறைய உண்டு. மொத்தத் தொகையையும் அதில் எது அடங்கும் என்பதையும் வாட்ஸப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அழுகைக்கு நடுவே யாரும் பேரம் பேசுவதில்லை என்பது அவர்களில் சிலருக்கு நன்றாகவே தெரியும்.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

அம்மா, மேலே நண்பர் எழுதியது சரி. உள்ளாட்சியில் நீண்ட காலம் பிறப்பு, இறப்புப் பதிவு வேலையைப் பார்த்தவன் என்ற முறையில் காகிதங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இறுதி நோயின்போது சிகிச்சை அளித்த மருத்துவர் இறப்புக்கான காரணத்தைச் சான்றளித்துத் தர வேண்டும் என்பதும், அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பதும் 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்திலேயே உள்ளது. மருத்துவமனை இறப்புக்குப் படிவம் 4, வீட்டில் நேரும் இறப்புக்குப் படிவம் 4ஏ. வருகிற மருத்துவர் அந்தப் படிவத்தையே கொண்டுவந்தால் நல்லது. சிலர் தம் மருந்துச்சீட்டுத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு அந்தக் குடும்பம் படிவத்துக்காக அவரைத் தேடி அலைவதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அந்தச் சான்றோடு, இறந்தவரின் ஆதார் நகலும், பொறுப்பேற்று வருபவரின் ஆதார் நகலும் மயானத்துக்குத் தேவை. ஒவ்வொன்றிலும் நான்கைந்து நகல் எடுத்து ஓர் உறையில் போட்டு வையுங்கள். அதிகாலை நான்கு மணிக்கு நகல் எடுக்கும் கடை திறந்திருக்காது.

சென்னை மாநகராட்சியின் மயானங்களில் தகனத்துக்குக் கட்டணம் கிடையாது. மக்கள் பழக்கத்தில் இன்னும் மின் மயானம் என்று சொன்னாலும், இப்போது பெரும்பாலும் எரிவாயு தகன மேடைகளே இயங்குகின்றன. பராமரிப்புக்காக மேடை மூடப்பட்டிருக்கும் நாட்கள் உண்டு. ஆகவே உங்களுக்குப் பக்கத்து மயானம் ஒன்றையும் மாற்றாக வேறொன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு, நேரத்தை உறுதிசெய்த பிறகே உறவினர்களுக்குச் சொல்லுங்கள். ஒருவேளை அரசு மருத்துவமனையில் இறப்பு நேர்ந்தால், 155377 என்ற எண்ணில் அழைத்து இலவச அமரர் ஊர்தியைக் கேட்கலாம்.

பேஸ்மேக்கரை அகற்றச் சொல்வதை வெறும் சம்பிரதாயமாக எண்ணிவிட வேண்டாம். அதற்குள் இருக்கும் லித்தியம் மின்கலம், மூடிய உலைக்குள் 800 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெடிக்கும்; உலையின் உட்சுவர் சேதமடைவதோடு, பக்கத்தில் நிற்கும் ஊழியருக்கும் ஆபத்து. மயானத்தில் கேட்காவிட்டாலும் நீங்களாகவே, அகற்றியாகிவிட்டது என்று சொல்லிவிடுங்கள். செயற்கை மூட்டால் அப்படிப்பட்ட ஆபத்து இல்லை; அதை எடுக்க வேண்டியதும் இல்லை.

இறப்பைப் பதிவு செய்ய வேண்டிய இடம், இறப்பு நேர்ந்த இடம். ரேஷன் அட்டையில் எந்த முகவரி உள்ளது, எந்த ஊரில் தகனம் நடந்தது என்பதெல்லாம் அதற்குப் பொருட்டல்ல. 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு முடியும்; அதற்கு மேல் ஓராண்டு வரை எழுத்துமூல அனுமதி வேண்டும்; ஓராண்டைத் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் அளவில் ஆணை பெற வேண்டியிருக்கும். மயானத்தில் சீட்டு வாங்கியதோடு பதிவு முடிந்துவிட்டது என்று எண்ணி, வங்கிக்குப் போன பிறகே விழித்துக்கொள்பவர்கள் ஏராளம்.

படிவத்தில் பெயரை எழுதும்போது மட்டும் அழாத ஒருவரை எழுதச் சொல்லுங்கள். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆதாரில் ஒரு முன்னெழுத்து, வங்கியில் இரண்டு முன்னெழுத்து, ஓய்வூதிய ஆணையில் தந்தை பெயர் முழுமையாக என்று நம் ஊரில் ஒருவருக்கே மூன்று பெயர்கள் இருக்கும். எந்த ஆவணத்தை வைத்து உங்கள் தாயாருக்குக் குடும்ப ஓய்வூதியமும், வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றும் வாங்கப்போகிறீர்களோ, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்துப் பார்த்து எழுதுங்கள். பிறகு திருத்தலாம்தான், ஆனால் அதற்கு நடக்கிற நடை உங்களுக்கு வேண்டாம்.

காவிரிக்கரை

ஒரு சிறு குறிப்பு மட்டும். சொந்த ஊருக்குக் கொண்டுபோய் விறகில் எரிப்பதே முறை என்று உறவில் யாராவது வற்புறுத்தக்கூடும். நாங்கள் அப்படித்தான் பெரியப்பாவைச் சென்னையிலிருந்து தஞ்சைப் பக்கம் கொண்டு போனோம். குளிர்பெட்டி பொருத்திய ஊர்தியில் சென்றதால் அதில் குறையில்லை. மருத்துவர் சான்றின் அசலை ஊர்தியிலேயே வைத்திருந்தோம், வழியில் காட்ட வேண்டியும் வந்தது. ஆனால் அதற்குள் மழை பிடித்துக்கொண்டு, நனைந்த விறகும் வரட்டியும் பற்றாமல், இரவு ஒன்பது மணி வரை டயர் போடலாமா மண்ணெண்ணெய் ஊற்றலாமா என்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போதும் மனம் கூசுகிறது. உங்கள் தந்தைக்கு ஊர்ப்பற்று இருந்தால், அஸ்தியை அங்கே கொண்டுபோய்க் கரையுங்கள். அதுவே போதுமானது என்பது என் கருத்து. பதிவை மட்டும் சென்னையிலேயே செய்ய வேண்டும். ஐயா மேலே சொன்னது அதுவே.

மயிலைத் தமிழரசி

அன்புத் தோழிக்கு. என் அம்மாவுக்கு நானே கொள்ளி வைத்தேன். பெண் வைக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. மயான அலுவலகத்தில் விண்ணப்பதாரர் யார் என்று கேட்டார்கள், மகள் என்றேன், எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார்கள், அவ்வளவுதான். மறுப்பு வருவதென்றால் அது உறவினர்களிடமிருந்தும், சில வேளை சடங்கு செய்விக்க வருபவரிடமிருந்தும்தான் வரும். சடங்கு செய்விப்பவரைப் பேசும்போதே, கொள்ளி வைப்பது மகள் என்று சொல்லிவிடுங்கள். தயங்கினால் வேறொருவரைப் பேசிக்கொள்ளலாம். மயான வாசலில் வைத்து அந்த விவாதம் நடக்கக் கூடாது. என் தாய்மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். ஆனாலும் வாய்க்கரிசி போட வந்துவிட்டார்.

அங்கே என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதால் வரிசையாகச் சொல்கிறேன். கூடத்தில் ஒரு சிமெண்டுத் திண்டின் மேல் இறக்கி வைப்பார்கள். மாலைகள், கனமான பட்டு, மெத்தை, ரப்பர் விரிப்பு ஆகியவற்றை எடுத்துவிட்டு, பருத்தித் துணி மட்டும் இருக்கும்படி செய்வார்கள்; அம்மாவின் தோளுக்கடியில் யாரோ வைத்திருந்த பிளாஸ்டிக் பையை ஊழியர்தான் கண்டுபிடித்து எடுத்தார். பிறகு வாய்க்கரிசி. அதன் பிறகு கொள்ளிக்குடம்: தண்ணீர் நிறைந்த மண்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றிவர வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் நிற்பவர் அரிவாள் முனையால் ஒரு துளை போடுவார், தண்ணீர் முதுகு வழியாக வழிந்துகொண்டே வரும். நான் எதிர்பார்த்ததைவிடக் குடம் கனமாக இருந்தது. மூன்றாம் சுற்றில் பாதிக்கு மேல் காலியானதும் சட்டென்று பாரம் குறைந்து தடுமாறிவிட்டேன். உங்களுக்குத் தோளில் வலி இருந்தால் பாதிக்குடம் நிரப்பச் சொல்லுங்கள். திரும்பிப் பார்க்காமல் பின்புறமாகக் குடத்தைப் போட்டு உடைக்க வேண்டும். சேலையில் குத்திய ஊசிகளோடும், தரையில் புரளும் முந்தானையோடும் போகாதீர்கள், சுடிதாரே போதும்.

கொள்ளி என்பது எரிவாயு மேடையில் நீங்கள் நினைப்பதுபோல் இருக்காது. நெஞ்சின் மேல் சூடம் வைத்து ஏற்றச் சொன்னார்கள். அது எரிந்துகொண்டிருக்கும்போதே தண்டவாளம் போன்ற அமைப்பின் மேல் தட்டு நகர்ந்து உள்ளே போனது, இரும்புக் கதவு இறங்கியது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. சிதையின் முன் நின்று பார்த்துப் பழகிய பெரியவர்களுக்கு அந்த வேகம்தான் பெரிய அதிர்ச்சி. ஆகவே பேச வேண்டியதை, தொட வேண்டியதை, முத்தமிட வேண்டியதை எல்லாம் திண்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். உங்கள் தாயார் வருவதாக இருந்தால், அந்தக் கதவைப் பற்றி அவரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்.

எரிவதற்கு எங்களுக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. ஆற வைத்து, காத்திருந்தால் அன்றே அஸ்தியைக் கொடுத்துவிடுகிறார்கள். இல்லையென்றால் மறுநாள் காலை வாங்கிக்கொள்ளலாம். விறகுத் தகனம் என்றால் மறுநாள் பால் தெளித்து எலும்பு பொறுக்கும் சடங்கு இருக்கும். எரிவாயுவில் அந்தப் பொறுக்கும் வேலை உங்களுக்கு இல்லை. மண்சட்டியை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், வெள்ளைத் துணியால் வாயைக் கட்ட வேண்டும். அஸ்தி வெறும் சாம்பலாக இருக்காது, வெளுத்த எலும்புத் துண்டுகளாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று கிலோ கனம் வரும். நாங்கள் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் காவிரியில் கரைத்தோம். சென்னையிலேயே கடலில் கரைப்பவர்களும் உண்டு.

வாசலில் டீ செலவுக்கு என்று கேட்பார்கள். எங்களிடம் ஒருவர் கேட்ட தொகை டீக்கடையையே வாங்கப் போதுமானதாக இருந்தது! கட்டணமில்லாத இடம் என்பது தெரியும் என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் கேட்கவில்லை. உள்ளே வேலை செய்த அந்த முதியவருக்கு மட்டும் என் மனத்துக்குத் தோன்றியதைக் கொடுத்தேன், அவர் கேட்காமலேயே.

வேளச்சேரி மகள்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. அப்பா போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை காலமானார். அம்மா அவர் கையைப் பிடித்தபடியே தூங்கிவிட்டிருந்தார். நான்தான் முதலில் கவனித்தேன். மருத்துவர் ஐந்தே முக்காலுக்கு வந்து, சான்றைப் படிவத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டு, தன்னோடு அழைத்து வந்த உதவி மருத்துவரைக் கொண்டு பேஸ்மேக்கரையும் எடுக்கச் செய்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நகல்கள் உறையில் தயாராக இருந்தன. படிவத்தில் பெயரை எதிர்வீட்டு ஆசிரியர் எழுதினார். ஓய்வூதியப் புத்தகத்தை அருகில் வைத்துக்கொண்டு இருமுறை சரிபார்த்தார்.

படிக்கட்டைப் பற்றி நங்கநல்லூர் அண்ணன் எழுதியது அப்படியே நடந்தது. தலைப்பக்கம் என் கணவரின் தம்பி நின்றார். குடத்தைப் பாதி அளவுக்கே நிரப்பச் சொன்னேன். கதவைப் பற்றி அம்மாவிடம் முதல் நாள் இரவே சொல்லியிருந்தேன். ஆனாலும் தட்டு நகர்ந்தபோது அம்மா "மெதுவா, மெதுவா" என்று ஊழியரிடம் சொன்னார். அவரும் கையை எடுத்துவிட்டு, ஒரு கணம் நின்று, பிறகே தள்ளினார்.

ஒன்று மட்டும் இங்கே யாரும் எழுதவில்லை. மாலையில் அஸ்தியை வாங்கப் போனபோது, சட்டியோடு செய்தித்தாளில் சுற்றிய ஒரு சிறு பொட்டலத்தையும் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் கறுத்துப்போன இரண்டு உலோகத் துண்டுகள். அப்பாவின் வலது முழங்கால் மூட்டு. விருப்பமில்லை என்றால் இங்கேயே விட்டுவிடலாம், பலரும் விட்டுவிட்டுத்தான் போவார்கள் என்று ஊழியர் சொன்னார். ஆற்றில் போடக் கூடாது என்ற அளவுக்கு எனக்கே தெரிந்தது. அந்த மூட்டைப் பொருத்திக்கொண்ட பிறகுதான் அவர் தினமும் காலையில் ஏரிக்கரை வரை நடக்கத் தொடங்கினார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அது அவருடைய மேசை இழுப்பறையில், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஸ்ரீரங்கம் போகிறோம். இறப்புச் சான்றிதழ் எத்தனை பிரதி எடுத்து வைத்தால் போதும் என்று ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

ஆழ்ந்த இரங்கல்கள், அம்மா. இப்போது சான்றிதழை இணையத்திலேயே பதிவிறக்கிக்கொள்ளலாம் என்பதால் பிரதிக்குக் கவலை இல்லை. பத்து எடுத்து வையுங்கள். வங்கி, ஓய்வூதிய அலுவலகம், ஆயுள் காப்பீடு, சமையல் எரிவாயு இணைப்பு, மின் இணைப்பு, சொத்துவரி, ரேஷன் அட்டை என்று ஒவ்வோர் இடத்திலும் ஒன்று கேட்பார்கள். முதலில் ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போங்கள். அடுத்த மாத ஓய்வூதியம் அப்பாவின் கணக்கில் வரவாகிவிட்டால் திருப்பிச் செலுத்தச் சொல்வார்கள், அதில் அம்மாவுக்கு வர வேண்டியதும் தாமதமாகும்.